மூடியின் மூலை நிறையவில்லை, சூட்டை ஏற்றியும் பயனில்லை

கேட்டவர்:
வணக்கம். 150 டன் இன்ஜெக்‌ஷன் மெஷினில் பாலிப்ரொப்பிலீன் டிபன் டப்பா மூடி ஓட்டுகிறோம். செவ்வக மூடி, 1 மில்லிமீட்டர் கனம், உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய் (கேட்) நடுவில் ஒன்றே. மூன்று மாதமாகக் குறையில்லாமல் ஓடிய மோல்டு (அச்சு) இது. ஒரு வாரமாக நான்கு ஷாட்டுக்கு ஒன்று மூலை நிறையாமல் விழுகிறது, எப்போதும் அதே மூலை. பேரல் சூட்டை 220-லிருந்து 250 டிகிரிக்கு ஏற்றினேன், வேகத்தையும் கூட்டினேன். இப்போது அந்த மூலையில் பழுப்புக் கறையும் சேர்ந்துகொண்டது. முகர்ந்தால் தீய்ந்த வாடை. எங்கள் கிரேடின் எம்.எப்.ஐ. (உருகி ஓடும் எளிமையின் அளவு) 11. முதலாளி 25-க்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?

முதல் பதில்:
அவசரப்படாதீர்கள். எம்.எப்.ஐ. என்பது 230 டிகிரியில், 2.16 கிலோ எடையின் கீழ், 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற கணக்கு. எண் கூடினால் ஓட்டம் எளிதாகும், ஆனால் மூலக்கூறுச் சங்கிலி குட்டையாகிவிடுவதால் அடி தாங்கும் வலு குறையும். குழந்தை கையிலிருந்து நழுவும் மூடி அது. புதிய மூட்டையின் லாட் சான்றிதழில் 11 தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் பதில் (மோல்டு செய்து பழுது பார்க்கும் டூல்ரூமில் இருப்பவன்):
தம்பி, அந்தப் பழுப்புக் கறைதான் விடை. வெளியேற வழியில்லாத காற்று மூலையில் மாட்டி நசுங்குகிறது. நசுங்கும் காற்று கடுமையாகச் சூடேறி பிளாஸ்டிக்கைக் கருக்குகிறது. காற்று வழிவிடாத இடத்தில் எந்த கிரேடும் நுழையாது. நீங்கள் வேகத்தைக் கூட்டக் கூட்ட அது இன்னும் மோசமாகத்தான் ஆகும். மோல்டை மூடிப் பிடிக்கும் கிளாம்ப் விசையை 120 டன்னுக்கு இறக்கி, காற்று வெளியேற இடம் கொடுத்து, பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளும் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மூலை நிறைந்தால் வென்ட் (காற்று வெளியேறும் மெல்லிய பள்ளம்) அடைப்புதான். வென்டின் ஆழமே ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர், மெல்லிய படிவு போதும் அதை மூட. இரும்புத் தகட்டால் சுரண்டாதீர்கள், பித்தளையால் சுரண்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. 120 டன்னில் கறை மறைந்தது. மோல்டைத் திறந்து பார்த்தபோது அந்த மூலை வென்டில் மஞ்சள் மெழுகு போல ஒரு படலம் இருந்தது, நகம் பட்டதும் சுருண்டு வந்தது. துடைத்துவிட்டு 150 டன்னுக்கும் 225 டிகிரிக்கும் திரும்பினேன். கருகல் அறவே இல்லை. ஆனால் இருபது ஷாட்டுக்கு ஒன்று இன்னும் குறைகிறது. குஷன் (தள்ளி முடித்தபின் ஸ்க்ரூ முன்னால் மிஞ்சும் பொருள்) 6 மில்லிமீட்டரில் நிற்காமல் சில ஷாட்டில் 2 வரை போகிறது.

இரண்டாம் பதில்:
அப்படியானால் அது வேறு நோய். ஸ்க்ரூ முனையிலுள்ள, பொருளைப் பின்னால் போகவிடாமல் தடுக்கும் வளையமான செக் ரிங் தேய்ந்திருக்கும். தள்ளும்போது உருகிய பொருள் பின்னால் கசிகிறது, அதனால்தான் ஒரு ஷாட் நிறைந்தும் ஒரு ஷாட் குறைந்தும் வருகிறது. ஸ்க்ரூவை வெளியே எடுத்து ரிங்கையும் அது உட்காரும் சீட்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்றில் கீறல் இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.