"விச் தி ஹோட்டல்?" பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் கேள்விச் சொற்கள்: எங்கே சறுக்குகிறது?

சேரிங்கிராஸ் (கேள்வி)

ஊட்டி, குன்னூர் பக்கம் டூரிஸ்ட் கார் ஓட்டுபவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். "எந்த ஹோட்டல்ல, எத்தனை பை, எந்தெந்த இடம்" என்று தமிழில் சட்டென்று வருவதெல்லாம் ஆங்கிலத்தில் இப்படி வருகிறது:

"விச் தி ஹோட்டல் யூ ஆர் ஸ்டேயிங்?"
"ஹவ் மெனி லக்கேஜ்?"
"ஹூ டிரைவர் கேம்?"
"விச் விச் பிளேசஸ் யூ சா?"
"குறிஞ்சி ஹவ் மெனி இயர்ஸ் ஒன்ஸ்?"

அர்த்தம் புரிந்துவிடுவதால் வண்டியில் ஏறுபவர்கள் யாரும் திருத்துவதில்லை. எதை முதலில் பிடிப்பது? வாட், விச் இரண்டில் எது எப்போது என்றும் சொன்னால் நல்லது.

கேத்தி_மேடு

முதலில் அந்தத் 'தி'யை எடுங்கள். விச், வாட், ஹூஸ் மூன்றும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால், அ, தி, மை, யுவர் உட்காரும் அதே இருக்கையில்தான் உட்காரும். ஓர் இருக்கையில் ஒருவர்தான். "விச் ஹோட்டல்", "ஹூஸ் பேக்", அவ்வளவுதான். நடுவில் பெயரடை வரலாம்: "விச் பிளாக் கார்". 'தி' கட்டாயம் வேண்டுமென்றால் கூடவே ஆஃப் வர வேண்டும், பெயரும் பன்மையாக வேண்டும்: "விச் ஆஃப் தி கார்ஸ்". வாட்டுக்குப் பின் 'அ' நுழைந்தால் கேள்வியே போய்விடும். "வாட் அ வியூ!" என்பது தொட்டபெட்டாவில் நின்று வியப்பது.

"ஹூ டிரைவர்" வேறு வகை. தமிழிலும் நாம் "யார் டிரைவர் வந்தார்" என்பதில்லை, "எந்த டிரைவர் வந்தார்" என்றுதான் கேட்போம். ஆகவே இது தாய்மொழி தந்த தவறு அல்ல. ஆள் என்றால் ஹூ என்று பள்ளியில் உருப்போட்டதன் விளைவு. "விச் டிரைவர் கேம்?" என்று தமிழைக் காட்டியே திருத்திவிடலாம்.

உண்மையான தொல்லை "ஹோட்டல்ல" என்பதில் இருக்கும் 'ல'. தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் 'அட்' தனிச்சொல் என்பதால் வழியில் விழுந்துவிடுகிறது. இதற்குப் பதிலிலிருந்து தொடங்கிப் பழக்குங்கள். "யூ ஆர் ஸ்டேயிங் அட் எக்ஸ் ஹோட்டல்" என்று முழுதாகச் சொல்ல வையுங்கள். எக்ஸ் ஹோட்டலை எடுத்துவிட்டு விச் ஹோட்டல். அந்த இரண்டு சொல்லை மட்டும் முன்னால் கொண்டுபோங்கள். 'அட்' இருந்த இடத்திலேயே கிடக்கட்டும். கடைசியாக யூ, ஆர் இரண்டையும் இடம் மாற்றினால் "விச் ஹோட்டல் ஆர் யூ ஸ்டேயிங் அட்?" கிடைக்கும். "அட் விச் ஹோட்டல்" என்பதும் சரிதான், ஆனால் கடிதத்துக்கு ஏற்றது. வாயில் வந்தால் விறைப்பாக இருக்கும்.

பஸ்ஸானால் 'ஆன்', காரானால் 'இன்': "விச் பஸ் டிட் யூ கம் ஆன்?"

எந்தெந்த என்பதற்கு விச்சை இரட்டிக்கத் தேவையில்லை. நாம் கேள்விச் சொல்லை இரட்டித்துப் பன்மை காட்டுகிறோம், அவர்கள் பெயரில் காட்டுகிறார்கள்: "விச் பிளேசஸ் டிட் யூ சீ?" நம் ஊர்களில் புழங்கும் "விச் ஆல் பிளேசஸ்" இந்தியாவுக்குள் ஓடும், வெளிநாட்டுக்காரர் ஒரு நொடி விழிப்பார்.

பூம்பாறை_பூண்டு

எத்தனை, எவ்வளவு பற்றி. தமிழில் "எத்தனை பை" என்று ஒருமையிலேயே கேட்டுவிடலாம். அதனால் ஹவ் மெனிக்குப் பின் 'ஸ்' மறந்துபோகிறது: "ஹவ் மெனி பேக்ஸ் ஆர் தேர்?" இங்கே 'இஸ்' போட்டாலும் தவறு. லக்கேஜ் எண்ண முடியாத சொல், அதற்கு "ஹவ் மச் லக்கேஜ்". டிக்கியில் இடம் பார்க்கும் டிரைவருக்கு எண்ணிக்கைதான் வேண்டும் என்பதால் பேக்ஸையே சொல்லிக்கொடுங்கள். டிராஃபிக், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் எல்லாம் லக்கேஜ் கட்சி.

சில சொற்கள் இரண்டு பக்கமும் ஆடும். "ஹவ் மச் சாக்லேட்" என்றால் எத்தனை கிராம். "ஹவ் மெனி சாக்லேட்ஸ்" என்றால் எத்தனை துண்டு. "ஹவ் மச் டீ" தூள், "ஹவ் மெனி டீஸ்" கடையில் எத்தனை கிளாஸ். பூண்டுக்கு ஹவ் மச்தான்; எண்ண வேண்டுமானால் "ஹவ் மெனி கிளோவ்ஸ்", எத்தனை பல். விலை கேட்பது தனிக் கதை: "ஹவ் மச் இஸ் தி சாக்லேட்?" இங்கே பெயர் ஹவ் மச்சோடு ஒட்டவில்லை, அதனால் 'தி' திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

குறிஞ்சிக் கேள்வியில் சொல்லுக்குச் சொல் மாற்றியதுதான் கோளாறு. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்ற முழுத் தொடருக்கும் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: "ஹவ் ஆஃபன் டஸ் தி குறிஞ்சி ஃபிளவர்?" பதில், "ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்". கொடைக்கானல் பக்கம் 2006, 2018 என்று பூத்ததைச் சொல்ல "வாட் இயர் டிட் இட் ஃபிளவர்?" போதும், "விச் இயர்" என்றாலும் தப்பில்லை.

எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் வந்தால் பெயரையே தூக்கிவிடுங்கள். "ஹவ் மச் ஹைட்" இல்லை, "ஹவ் ஹை இஸ் தொட்டபெட்டா?" (2,637 மீட்டர்). மற்றவை ஹவ் ஃபார், ஹவ் லாங்.

எத்தனாவது என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது, நமக்கு அதில் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது எத்தனாவது என்று பயணி கேட்க நினைத்தால் "விச் பெண்ட் இஸ் திஸ்?" அல்லது "வாட் நம்பர் இஸ் திஸ் பெண்ட்?" என்பார்.

சேரிங்கிராஸ்

மிக்க நன்றி. டூ, டஸ், டிட் எப்போது வரும், எப்போது வராது? "விச் ஸ்டேஷன் டஸ் கம் ஆஃப்டர் வெலிங்டன்?" என்கிறார் ஒருவர்.

லவ்டேல்_வளைவு

வினைக்கு எழுவாய் யார் என்று தேடச் சொல்லுங்கள். ஊட்டி மலை ரயிலில் மேலே போகும்போது வெலிங்டனுக்கு அடுத்து வருவது அருவங்காடு. வருகிற வேலையைச் செய்வது அந்த ஸ்டேஷனே. கேள்விச் சொல்லோடு இருக்கும் பெயரே எழுவாயானால் டூ குடும்பம் தேவையில்லை: "விச் ஸ்டேஷன் கம்ஸ் ஆஃப்டர் வெலிங்டன்?" எழுவாய் வேறாக இருந்தால் வர வேண்டும்: "ஹவ் மெனி டனல்ஸ் டஸ் தி டிரெயின் கோ த்ரூ?" போவது ரயில், சுரங்கங்கள் அல்ல. (16 இருக்கின்றன.) கடைசியில் நிற்கும் 'த்ரூ'வையும் விடக்கூடாது, அது மேலே சொன்ன 'ல' மாதிரிதான்.

வாட், விச்: தேர்ந்தெடுக்கச் சில பொருள்கள் கண்ணுக்கு முன்னாலோ பேச்சிலோ இருந்தால் விச், திறந்த கேள்வியானால் வாட். "விச் டீ, பிளாக் ஆர் கிரீன்?" "வாட் டைம் டூ யூ வான்ட் தி கார்?" இடையில் இரண்டும் பொருந்தும் இடங்கள் நிறைய, அங்கே தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்களுக்கு மட்டும் விச்சையே பழக்குங்கள். "விச் டாக்டர்?" என்றால் எந்த டாக்டர். "வாட் டாக்டர்" என்று தொடங்கினால் எப்படிப்பட்ட டாக்டர் என்ற தொனி ஏறிவிடும்.

இன்னொன்று. மரியாதைக்காக "கேன் யூ டெல் மீ" என்று முன்னால் சேர்த்தால் யூ, ஆர் இடம் மாறாது: "கேன் யூ டெல் மீ விச் ஹோட்டல் யூ ஆர் ஸ்டேயிங் அட்?" உங்கள் பட்டியலின் முதல் வாக்கியத்திலிருந்து 'தி'யை எடுத்து 'அட்' சேர்த்தால் இதுதான் வருகிறது. அதனால் வாய் வரிசை மாற மறுப்பவர்களுக்கு இதையே முதலில் கொடுத்துவிடலாம்.