காற்றுத் துப்பாக்கி ரவையை ஒலியின் வேகத்துக்கு மேல் கொண்டுபோக முடியுமா?

கானாடுகாத்தான் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையைச் சேர்ந்த, 4.5 மி.மீ. துளையுள்ள காற்றுத் துப்பாக்கி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத நீண்ட தாழ்வாரம் இருப்பதால், அங்கே 10 மீட்டர் தொலைவில் அட்டை வைத்துச் சுட்டுப் பழகுகிறேன். பெட்டியின் மேல் நொடிக்கு 1000 அடி, அதாவது ஏறத்தாழ 305 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இன்னும் சிறிது முயன்றால் ஒலியின் வேகத்தையே தாண்டிவிடலாம் என்ற ஆசையில் 0.53 கிராம் ஈய ரவைக்குப் பதிலாக 0.33 கிராம் எடையுள்ள உலோகக் கலவை ரவையைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் கூடியது, ஆனால் அட்டையில் துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிவிட்டன. ஸ்பிரிங்கை மாற்றலாமா, பிஸ்டனில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா, காற்றுக்குப் பதிலாக ஹீலியம் உதவுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேவகோட்டை இயற்பியல் ஆசிரியர்

தம்பி, உங்கள் கேள்விக்கான விடை துப்பாக்கியில் இருப்பதைவிட வாயுவில்தான் அதிகம் இருக்கிறது. ரவையைத் தள்ளும் காற்று தானும் ரவையின் பின்னாலேயே ஓடியாக வேண்டும். ஓடுவதற்கே தன் அழுத்தத்தின் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். குழலின் அகலமே உள்ள நீண்ட அழுத்தக் குழாய் ஒன்றை வைத்துக் கணக்கிட்டால், ரவை அந்த 349 மீட்டரை எட்டும் நேரத்தில் அதன் முதுகில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் தொடக்க அழுத்தத்தில் 21 விழுக்காடு மட்டுமே. அதே இடத்தில் ஹீலியம் இருந்தால் 55 விழுக்காடு மிஞ்சும், ஏனெனில் ஹீலியத்தில் ஒலி நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் செல்கிறது; ஒலி வேகமாகச் செல்லும் வாயு, ரவையின் பின்னால் ஓடுவதற்குத் தன் அழுத்தத்தைக் குறைவாகவே செலவழிக்கும். விண்கல் துகள்கள் விண்கலத்தில் மோதுவதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடங்கள் இரண்டு கட்டமாக இயங்கும் இலகு வாயுத் துப்பாக்கிகளில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தி நொடிக்கு 7 கி.மீ. அளவுக்கு வேகம் எடுப்பதும் இந்த அடிப்படையில்தான்.

ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கியில் ஹீலியத்தை நிரப்புவதற்கு இடமே இல்லை. அது ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றையே இழுத்து அமுக்குகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக நாலு முறை அடித்துப் பாருங்கள், அடிப்பகுதி சுடும். துப்பாக்கிக்குள்ளும் பிஸ்டன் அப்படித்தான் காற்றைச் சூடேற்றுகிறது. சூடான காற்றில் ஒலி வேகம் கூடுதல் என்பதால்தான் சிறிய ஸ்பிரிங் துப்பாக்கியால்கூட இவ்வளவு செய்ய முடிகிறது.

பள்ளத்தூர் அண்ணன்

எண்ணெய் விடும் யோசனையைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே அதைச் செய்தேன். அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்வதால் முதல் குண்டு பட்டாசு போல வெடித்துச் சென்றது. குழல் வாயில் நீலப் புகையும் கருகிய வாடையும் வந்தன. அடுத்த இரண்டு குண்டுகளும் வெவ்வேறு வேகத்தில் போயின. ஒரு வாரத்தில் பிஸ்டன் வாஷர் ஓரம் கருகி, ஸ்பிரிங் இரண்டு துண்டாகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது வாஷரின் விளிம்பு தீய்ந்த அப்பளம் போல் பொரிந்திருந்தது. எடை குறைந்த ரவையும் வாஷருக்கு நல்லதன்று: ரவை சீக்கிரமே நகர்ந்துவிடுவதால் பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கும் காற்று மெத்தை போதாமல், அது முன்சுவரில் போய் மோதும்.

துளைகள் சிதறுவதற்கும் காரணம் உண்டு. ரவையின் இடுப்பு சிறுத்து, பின்புறம் பாவாடை போல் விரிந்திருப்பது ஒலிவேகத்துக்குக் கீழே நேராகப் பறப்பதற்கான வடிவம். ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரெனக் கூடி, இலேசான ரவை தடுமாறத் தொடங்கும். 10 மீட்டர் போட்டியாளர்கள் நொடிக்கு 170 மீட்டர் அளவிலேயே சுட்டுப் பத்துப் புள்ளி எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி துளை 4.5 மி.மீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாதவரைதான் உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் ரவைக்கு 20 ஜூல் என்பது நொடிக்கு 275 மீட்டர்; 0.33 கிராமுக்கு 348 மீட்டர். ஆகவே இந்த இரண்டில் எந்த ரவையைப் போட்டாலும், உரிமமில்லாமல் ஒலிவேகத்தைத் தெளிவாகத் தாண்டுவதற்கு வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தக் கலனுள்ள துப்பாக்கியில் ஹீலியம் நிரப்புவோருக்கும் இதே வரம்புதான். ஆக்சிஜனை மட்டும் எந்தக் கலனிலும் யாரும் ஏற்றக் கூடாது; மசகெண்ணெயோடு சேர்ந்தால் கலனே வெடிக்கும்.

தேவகோட்டை இயற்பியல் ஆசிரியர்

பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல் முதலில் அளந்து பாருங்கள், தம்பி. ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் விளக்கிய ஊசல் முறைக்கு உத்தரமும் நூலும் போதும். களிமண் நிரப்பிய சிறு மரப்பெட்டியை, ரவையோடு சேர்த்து 600 கிராம் வருமாறு, உத்தரத்திலிருந்து 2.45 மீட்டர் நீளத்தில் தொங்க விடுங்கள். அந்த நீளத்தில் பெட்டி பின்னோக்கி நகரும் தூரத்தை மீட்டரில் குறித்து இரண்டால் பெருக்கினாலே பெட்டியின் வேகம் கிடைத்துவிடும். அதை 600ஆல் பெருக்கி, ரவையின் கிராம் எடையால் வகுத்தால் ரவையின் வேகம். குழலிலிருந்து வரும் காற்றும் பெட்டியைத் தள்ளும் என்பதால், நடுவில் துளையிட்ட ஓர் அட்டையை இடையில் நிறுத்துங்கள். பின்னால் கல் தூண் இருந்தால் ரவை தெறித்துத் திரும்பும். பழந்துணி திணித்த பெட்டி ஒன்றை வைத்து, கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் வாசகன்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. ஞாயிறன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாழ்வாரத்துத் தேக்கு உத்தரத்தில் நான்கு நூல்களில் பெட்டியைத் தொங்கவிட்டேன். பெட்டி தள்ளிச் செல்லும் ஒரு வைக்கோல் துண்டை அளவுகோலின் மேல் வைத்துத் தூரத்தைக் குறித்தேன். 0.53 கிராம் ரவைக்கு ஐந்து முறை சராசரி 9.2 செ.மீ. வந்தது, அதன்படி வேகம் நொடிக்கு 208 மீட்டர், ஆற்றல் 11.5 ஜூல். 0.33 கிராம் ரவைக்கு 6.9 செ.மீ., அதாவது 251 மீட்டர், ஆனால் ஆற்றல் 10.4 ஜூல்தான். வேகம் கூடியும் ஆற்றல் குறைந்திருப்பதைக் கண்டபோதுதான் ஐயா சொன்ன கணக்கு முழுவதும் விளங்கியது. களிமண்ணிலிருந்து தோண்டி எடுத்த ஈய ரவைகளின் முகம் தட்டையாகி, சட்டைப் பொத்தான் போல் இருந்தன. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

இலேசான ரவைகளை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்ததாக 0.60 கிராம் ரவையை வாங்கி இதே ஊசலில் அளக்கப் போகிறேன்.

பள்ளத்தூர் அண்ணன்

நல்ல வேலை, தம்பி. அந்த 0.60 கிராம் ரவைக்கு வேகத்தோடு 10 மீட்டரில் ஐந்து துளைகளின் பரவலையும் அளந்து இங்கே எழுதுங்கள். நூல் நீளத்தை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். புது நூல் பாரத்தில் சற்று நீளும்.