பதில்: ஏரி தூர்வார நன்கொடை – கொஞ்சம் பொறுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணனின் மடலைப் பார்த்தேன். நம்மூர்க் கொடைக்கானல் ஏரியைத் தூர்வார ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடலாம், அள்ளுகிற வண்டலைத் தோட்டக்காரர்களே டிராக்டர் வைத்து எடுத்துக்கொண்டால் ஏற்றுகூலி மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். துபாய் தம்பி அரை மணி நேரத்தில் சரி என்றுவிட்டான். நானும் பணம் அனுப்ப வங்கி அட்டையைக் கையில் எடுத்தேன், அப்புறம்தான் நான் குடியிருக்கிற ஊரின் கதை ஞாபகம் வந்தது.

நான் இருப்பது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ், அணுகுண்டு வேலைக்காகவே எழுப்பிய ஊர். இங்கே ஒய்-12 ஆலையில் 1950களில் தொடங்கி 1963 வரை, ஹைட்ரஜன் குண்டுக்கு வேண்டிய லித்தியத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசம் புழங்கினார்கள். கொஞ்சநஞ்சமல்ல, 1 கோடி கிலோவுக்கும் மேல். அதில் ஏறத்தாழ 1 லட்சம் கிலோ ஈஸ்ட் ஃபோர்க் பாப்ளர் ஓடையில் கலந்துவிட்டது. அந்த ஓடை எங்கேயோ காட்டில் இல்லை, ஊருக்குள்ளேயே வீடு, கடைகளை ஒட்டி ஓடுகிறது. ராணுவ ரகசியம் என்று 1983 வரை ஊராருக்குக் கணக்கைச் சொல்லவில்லை. அதற்குள் ஓடைக்கரை மண் நல்ல மண்ணாக இருக்கிறதே என்று அள்ளி, கழிவுநீர்க் குழாய் புதைத்த தடம் நெடுகப் பரப்பிவிட்டார்கள். சிலர் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். அப்புறம் எங்கெங்கே போட்டோம் என்று தேடித் தோண்ட வேண்டியதாயிற்று. 1996, 97இல் கரையோர மண்ணையே ஆயிரக்கணக்கான லாரி அளவுக்கு வெட்டி எடுத்தார்கள்.

வண்டல் இலவசம் என்றதும் எனக்கு ஏன் திக்கென்றது என்று இப்போது புரியும்.

நம்மூரில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த ஆலையைப் பற்றி இந்தக் குழுவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததும், ஆலை மூடியதும், 2003இல் 300 டன்னுக்குக் கொஞ்சம் குறைவான கழிவு கப்பலேறி, பாதரசம் வந்த அமெரிக்காவுக்கே திரும்பியதும் தெரிந்த கதைதான். ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை, அந்தத் தண்ணீர் கும்பக்கரை அருவிக்கு இறங்குகிறது என்பதால் எல்லோரும் அந்தச் சரிவையே பேசினோம். ஏரி மறந்துபோயிற்று. பாதரசம் ஆவியாகிக் காற்றில் போகும், மழையோடு இறங்கும். அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கொடை, பேரிஜம், கூக்கால் மூன்று ஏரிகளையும் ஒப்பிட்டார்கள். நம் ஏரியின் தண்ணீரிலும் வண்டலிலும்தான் அதிகம், மீனிலும் இருந்தது. ஆலைதான் காரணம் என்றும் எழுதினார்கள்.

ஆலை மூடி இத்தனை வருஷமாயிற்றே என்று அக்கா கேட்பார்கள். பாதரசம் மக்கிப் போகிற சாமான் இல்லை, வண்டலில் படுத்துக்கிடக்கும். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. அதுதான் மோசமானது. பாசியிலிருந்து புழு, சின்ன மீன், பெரிய மீன் என்று ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும். தோலிலோ குடலிலோ இருந்தால் கழுவி எறியலாம், இது சதையிலேயே இருக்கிறது, பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது. வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் முதலில் தாக்கும். சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை அழுகும் ஏரி அந்த பாக்டீரியாவுக்கு விருந்து மாதிரி. இங்கே ஓக் ரிட்ஜ் ஓடையில் தண்ணீரின் பாதரசத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், மீனில் அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்றைக்கும் கரையில் மீன் சாப்பிடாதே என்று பலகை நிற்கிறது. போன முறை கொடைக்கு வந்தபோது ஏரியை ஒரு சுற்று நடந்தேன், அப்படி ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. தூண்டில் போட்டிருந்த இரண்டு பையன்கள்தான் கண்ணில் பட்டார்கள்.

தூர்வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேறு எடுத்தால் ஏரிக்கு நல்லதுதான். ஆனால் கிளறும்போது அடியில் கிடப்பது மேலே வரும், அள்ளிய மண் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். அது கேரட்டுக்கும் பூண்டுக்கும் அடியுரமாகப் போவதற்கு நம் பணம் போக வேண்டாம்.

அண்ணே, நகராட்சியில் இரண்டே கேள்வி கேளுங்கள். வண்டலை எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுத்துச் சோதித்தார்கள்? அள்ளியதை எங்கே கொட்டுவார்கள்? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட நம்மில் வக்கீல் இருக்கிறார். சோதிக்கவே இல்லை என்றால் முதல் வசூல் அதற்கே ஆகட்டும், மண்ணோடு நாலு மீனையும் சேர்த்து அனுப்புவோம். அதற்கு என் பங்கு 200 டாலர், இன்றைக்கே அனுப்புகிறேன். தூர்வாருவதற்கான பணத்தை முடிவு வந்த பிறகு தருகிறேன்.

துபாய் தம்பி, நீ அனுப்பிவிட்டாயா இல்லையா?