60 லட்சத்துக்கு எடுத்த பி.எம்.டபிள்யூ ஏழு வருடத்தில் 22 லட்சத்துக்கு வருகிறது, ஏன்?

திண்டுக்கல்காரன்:
கோவையில் ஒரு வியாபாரியிடம் 2018 மாடல் 520டி பார்த்தேன். ஒரே ஓனர், ஆர்.சி. கம்பெனி பெயரில். புதிதாக எடுத்தபோது ஆன்ரோடு 60 லட்சத்தைத் தொட்டிருக்கும். இப்போது 22 சொல்கிறார்கள், பேசினால் இன்னும் இறங்குவார்கள் போல. எங்கள் மாமா அதே வருடத்து இன்னோவா கிரிஸ்டாவை விற்றபோது வாங்கிய விலையில் பாதிக்கு மேலேயே கிடைத்தது. இந்த வண்டியில் வெளியே ஒரு கீறல் இல்லை, சீட்டெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. ஏதாவது கோளாறை மறைக்கிறார்களா, இல்லை இந்த ரக வண்டிகளே இப்படித்தானா? நான் மாதச் சம்பளக்காரன், யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

பீளமேடு பட்டறை:
கோளாறே இல்லாவிட்டாலும் இந்த விலைக்குத்தான் வரும், தம்பி. ஜெர்மன் வண்டிகளை மட்டுமே பார்க்கிற பட்டறை என்னுடையது. தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

வண்டி 22 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, அதற்குப் போடுகிற பாகங்கள் இறங்கவில்லை. ஹெட்லைட், சென்சார், கியர்பாக்ஸ் வேலை எல்லாம் இன்றைக்கும் 60 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான். முதல் ஓனருக்கு வாரண்டி இருந்தது, அந்தச் செலவு அவர் கண்ணிலேயே படவில்லை. வாரண்டி முடிந்து ஒன்றிரண்டு பெரிய பில் வந்ததும் விற்கிறார். அந்தப் பில்லைத் தாங்கக்கூடியவர் புது வண்டிக்கே போய்விடுவார். 22 லட்சம் வைத்திருப்பவருக்கோ யானையைக் கட்டித் தீனி போடப் பயம். கேட்க ஆளில்லாமல் வியாபாரி மாதக்கணக்கில் வைத்திருக்கிறார், விலை தானாகக் கரைகிறது.

எங்களிடம் ஒரு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் வந்தது. இரவு நிறுத்தினால் காலையில் முன்பக்கம் இடது மூலை மட்டும் படுத்துக் கிடக்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றால் வண்டியைத் தாங்குகிற ஏர் ஸ்ட்ரட்டின் ரப்பர் மடிப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடுகிறதே என்று ஓனர் அப்படியே ஓட்டியிருக்கிறார். கசிகிற காற்றை நிரப்பி நிரப்பியே கம்ப்ரஸரும் உட்கார்ந்துவிட்டது. எஸ்டிமேட்டைப் பார்த்த அந்த வாரமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

நீங்கள் பார்த்த 520டி-யில் ஏர் சஸ்பென்ஷன் கிடையாது, அது ஒரு நிம்மதி. ஆனால் அந்த டீசல் எஞ்சினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குகிற டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். செயின் சத்தம் கொடுத்தால் கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது. செயினை விட அதை எட்டுவதற்கான கூலிதான் வலிக்கும்.

கரூர் ஆடிட்டர்:
விற்கிறவர் கணக்கையும் பாருங்கள். கம்பெனி பெயரில் இருக்கும் காருக்கு வருமான வரியில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். 60 லட்சத்தில் ஆரம்பித்தால் ஏழு வருடத்தில் ஏட்டு மதிப்பு 19 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 22-க்குக் கொடுத்தால் ஏட்டில் அவருக்கு நஷ்டமே இல்லை, அப்புறம் எதற்கு இழுத்துப் பேசப் போகிறார்?

வரி இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் இப்போது 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 70 லட்ச ரூபாய் வண்டிக்கு 14 லட்சம். பழைய வண்டி வாங்குகிறவர் அதற்கென்று தனியாகக் காசு தர மாட்டார். போதாததற்கு, புது வண்டிக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியுமாக 50 வரை போன வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆனது. ஷோரூமில் லட்சக்கணக்கில் குறைந்தால் பழைய வண்டி மட்டும் அதே விலையில் நிற்குமா?

ஓ.எம்.ஆர். வாசி:
மாடல் மாறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 520டி இருக்கிற 5 சீரிஸ் வரிசையிலேயே 2024 ஜூலையில் நீளமான புது மாடல் வந்துவிட்டது. பக்கத்தில் நிறுத்தினாலே இது பழசு என்று தெரியும். ஃபார்ச்சூனர் 2016-ல் வந்த உருவத்தை இன்னும் பெரிதாக மாற்றவில்லை, அதனால் பழையதும் பழசாகத் தெரிவதில்லை. கௌரவத்துக்காக வாங்குகிற வண்டியில் இது பெரிய விஷயம்.

திண்டுக்கல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் ரெக்கார்டு கேட்டேன், 2022 வரைதான் இருக்கிறது. சனிக்கிழமை மறுபடி போகிறேன்.

பீளமேடு பட்டறை:
மூன்று வருடம் ரெக்கார்டு இல்லையென்றால் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதே தெரியாது. ஆயில் மாற்றாமல் ஓட்டுவதுதான் செயினைக் கெடுக்கும். முன்கூட்டியே போன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடிகள் பின்பக்கமிருந்து கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. 2018-ல் தென்கொரியாவில் 520டி வண்டிகள் தொடர்ந்து தீப்பிடித்து, எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிரவைக்கிற இ.ஜி.ஆர். கூலரின் கசிவுதான் காரணம் என்று ஏராளமான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்கு அந்த வேலை இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று ஷோரூமில் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 18-க்கு மேல் போகாதீர்கள். மிச்ச 4 லட்சத்தை வண்டிக்கென்றே பேங்கில் போட்டு வையுங்கள். மொத்தமும் வாங்கவே சரியாகிவிடும் என்றால் இந்த வண்டி வேண்டாம், தம்பி.