முன்சில்லு இழுத்தால் அது ஸ்போர்ட்ஸ் காரா?

காலிவீதிக்காரன்: நேற்று இங்கே ஒருவர் "ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆர்தான் உலகத்திலேயே சிறந்த ஸ்போர்ட்ஸ் கார்" என்று எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அது எஞ்சின் முன்சில்லைச் சுழற்றி இழுக்கிற கார். கார் வேகம் பிடிக்கும்போது பாரம் பின்னுக்குச் சாயும். அந்த நேரத்தில் பிடி கிடைப்பது பின்சில்லுக்குத்தான். முன்சில்லே திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் எப்படி? அது நல்ல கார், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை_டைப்ஆர்: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே ஏசலாம், அண்ணை. 1995இல் வந்த கார். 1.8 லீற்றர், டர்போ கிடையாது, 200 குதிரைவலு. சரி, ஒரே ஒரு கேள்வி. 1989இல் லோட்டஸ் எலானை முன்சில்லு இழுவையில்தானே செய்தார்கள்? லோட்டஸை விட உங்களுக்குத் தெரியுமா?

காலிவீதிக்காரன்: எலானுக்குள் இருந்தது இசுசு எஞ்சின். 1996இல் அதே லோட்டஸின் எலிஸ் வந்தபோது எஞ்சின் நடுவில், இழுவை பின்சில்லில். ஏன் திரும்பிப் போனார்கள்?

மலைநாட்டான்: முதலில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று யாராவது சொல்லுங்களேன். மினி கூப்பர் 1964, 1965, 1967 மூன்று வருடமும் மொன்டே கார்லோ றாலியில் வென்றது. அதுவும் முன்சில்லுதான்.

காலிவீதிக்காரன்: பனியில் ஓடுகிற றாலியைக் கொண்டுவந்து நடுவில் போடாதீர்கள். எலிஸுக்குப் பதில் வரவில்லை.

கொட்டாஞ்சேனை_டைப்ஆர்: எலானுக்குத்தான் பதில் வரவில்லை. 2017இல் முன்சில்லு இழுக்கிற ஹொண்டா சிவிக் டைப் ஆர் ஜேர்மனியின் நியூர்பேர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 43.8 செக்கனில் சுற்றியது. உங்கள் பின்சில்லு டொயோட்டா 86 கிட்டவும் வராது.

காலிவீதிக்காரன்: 86ஐப் பற்றி நீர் கதைக்க வேண்டாம். நான் சொல்வது நேரத்தை அல்ல. வளைவின் நடுவில் மிதித்தால் முன்சில்லு வெளியே தள்ளும், பின்சில்லு காரைத் திருப்பித் தரும். ஸ்டியரிங் கையில் சுத்தமாக இருக்கும். அதை ஓட்டினவனுக்குத்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனை_டைப்ஆர்: எப்படி ஓட்டுவது? கட்டுகுருந்த பந்தயப் பாதைக்குப் போன அன்று ஒரு சுற்றுத் தருவதாகச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். வெயிலில் நாலு மணித்தியாலம் நின்றேன். திறப்பைக் கண்ணிலும் காட்டவில்லை.

காலிவீதிக்காரன்: அன்று டயர் புதிது. அதை அப்போதே சொன்னேன்.

தெஹிவளை_ரவி: சொல்லவில்லை. நானும் அங்கேதான் நின்றேன்.

காலிவீதிக்காரன்: ரவி, நீர் என்னிடம் வாங்கிய ஜாக்கை முதலில் கொண்டுவந்து தாரும். பிறகு சாட்சி சொல்லலாம்.

தெஹிவளை_ரவி: ஜாக்கைப் போன மாதமே வெள்ளவத்தையில் உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். கேட்டுப் பாருங்கள்.

மலைநாட்டான்: நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

காலிவீதிக்காரன்: தம்பி அப்படி ஒன்றும் வாங்கவில்லையாம். அப்புறம், முன்சில்லு நல்லதென்றால் எலிஸை ஏன் பின்சில்லில் செய்தார்கள்? மூன்றாவது தரம் கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனை_டைப்ஆர்: எலான், அண்ணை. எலான்.