நிரந்தரக் காந்த மோட்டார் ஹெச்ஐஎல்: 50 மைக்ரோவினாடி ஸ்டெப்பில் கரண்ட் தள்ளாடுகிறது, 6700 ஆர்பிஎம் தாண்டினால் வெடிக்கிறது

சுருள்கம்பி:

இது ஹெச்ஐஎல் (ஹார்டுவேர்-இன்-த-லூப்), அதாவது நிஜ போர்டை கணினி மாடலோடு இணைத்துச் சோதிப்பது. மோட்டார் கன்ட்ரோலர் போர்டு நிஜம். இன்வர்ட்டரும் (டிசியை மூன்று பேஸ் ஏசியாக்கும் ஆறு ஸ்விட்ச்) மோட்டாரும் ரியல்-டைம் லினக்ஸ் பிசியில் ஓடும் மாடல். போர்டிலிருந்து அந்த ஸ்விட்சுகளை ஆன், ஆஃப் செய்யும் ஆறு கேட் சிக்னல் டிஜிட்டல் இன்புட்டுக்கு வருகிறது. பிசியிலிருந்து மூன்று பேஸ் கரண்டும் ரோட்டர் கோணமும் போர்டுக்குப் போகின்றன.

மோட்டார்: 4 போல் பேர், ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம், இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றி (ரோட்டரோடு சுழலும் டி, க்யூ இரண்டு அச்சிலும் ஒன்றே), காந்தப்பாயம் 0.04 வெபர். டிசி பஸ் 300 வோல்ட், பிடபிள்யூஎம் (ஸ்விட்ச் ஆன்-ஆஃப் ஆகும் வேகம்) 10 கிலோஹெர்ட்ஸ், டெட் டைம் (மேல், கீழ் ஸ்விட்ச் இரண்டும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) 2 மைக்ரோவினாடி. மாடலின் ஸ்டெப் 50 மைக்ரோவினாடி, சால்வர் (சமன்பாடுகளை ஸ்டெப் ஸ்டெப்பாகத் தீர்க்கும் முறை) சாதாரண முன்னோக்கு ஆய்லர்.

மூன்று கோளாறு:

1. வேகமும் லோடும் மாறாதபோதும் 1.2 வினாடிக்கு ஒரு தடவை கரண்ட் ஏறி இறங்குகிறது.
2. 6700 ஆர்பிஎம் அருகே கரண்ட் கட்டுக்கடங்காமல் வளர்கிறது. கன்ட்ரோல் லூப்பைக் கழற்றிவிட்டு, கீழ் மூன்று ஸ்விட்சையும் ஆன் செய்து, வேகத்தை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தாலும் அதே கதி. டெஸ்க்டாப்பில் வேரியபிள் ஸ்டெப்பில் இதே மாடல் 8000 வரை ஒழுங்காக ஓடுகிறது.
3. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓவர்ரன், அதாவது கணக்கு ஸ்டெப் நேரத்துக்குள் முடிவதில்லை. கணக்கு முடிய எடுக்கும் சராசரி நேரம் 18 மைக்ரோவினாடிதான்.

ஸ்டெப்பை 10 மைக்ரோவினாடிக்குக் குறைத்தால் எல்லாம் சரியாகுமா? இல்லை, எஃப்பிஜிஏ (மாடலை நேரடியாகச் சர்க்யூட்டாகவே ஓட்டும் சிப்) வாங்கியே ஆக வேண்டுமா?

நுண்நொடி:

இவை மூன்றும் மூன்று தனித்தனி நோய். ஒரே மருந்தாக ஸ்டெப்பைக் குறைத்தால் முதல் இரண்டும் தள்ளிப்போகும், தீராது. மூன்றாவது மோசமாகும்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், காகிதத்திலேயே தீர்ந்துவிடும். சுழலும் டி-க்யூ அச்சில் மோட்டாரின் மின்பகுதிக்கு ஒரு தணிவு வீதமும் ஒரு சுழற்சி வேகமும் உண்டு. தணிவு வீதம் ரெசிஸ்டன்ஸை இண்டக்டன்ஸால் வகுத்தது: 0.1 ÷ 0.0005 = 200. சுழற்சி வேகம் என்பது ரோட்டரின் மின்கோண வேகம். முன்னோக்கு ஆய்லர் நிலைத்திருக்க, ஸ்டெப் நேரம் (2 × 200) ÷ (200-ன் வர்க்கம் + மின்கோண வேகத்தின் வர்க்கம்) என்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 50 மைக்ரோவினாடியைப் போட்டுத் திருப்பிக் கணக்கிட்டால் மின்கோண வேகம் வினாடிக்கு 2821 ரேடியன். அதாவது 449 ஹெர்ட்ஸ். 4 போல் பேருக்கு 6735 ஆர்பிஎம். நீங்கள் பார்த்த எண் அதுவேதான். கோடில் பிழை இல்லை. முறையின் எல்லை இது. 10 மைக்ரோவினாடி வைத்தால் இந்தச் சுவர் சுமார் 15,100 ஆர்பிஎம்முக்கு நகரும், அவ்வளவே. சுவருக்குக் கீழேயும் தணிவு பொய்யாகத்தான் இருக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

"பின்னோக்கு ஆய்லர் போடு, எப்போதும் நிலையானது" என்று யாராவது சொல்வார்கள். அதே வேகத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டெப்பில் நிலைமாற்றக் கரண்ட் (நிலைத்த மதிப்பை அடையும் முன் தேயும் பகுதி) உண்மையில் 0.990 மடங்காகக் குறைய வேண்டும். பின்னோக்கு ஆய்லரில் 0.981 மடங்காகிவிடும். தணிவு ஏறக்குறைய இரட்டிப்பு. 0.1 ஓம் மோட்டார் 0.2 ஓம் போல நடந்துகொள்ளும். அதை நம்பி கன்ட்ரோலரை ட்யூன் செய்தால் நிஜ மோட்டாரில் அலைவு மிஞ்சி நிற்கும். டிரபிசாய்டல் முறை 0.990 தருகிறது. இரண்டு மாறிகளுக்கு 2×2 அணியைத் தலைகீழாக்குவது ஒன்றும் பெரிய வேலையில்லை, நேரடி சூத்திரமாகவே எழுதிவிடலாம். ஒரு எச்சரிக்கை: மாடலில் ஸ்விட்சுகளைத் தனித்தனி உறுப்புகளாக வைத்திருந்தால், டிரபிசாய்டல் முறையில் ஸ்விட்ச் மாறிய கணத்திலிருந்து ஸ்டெப்புக்கு ஸ்டெப் குறி மாறும் பொய் அலைவு கிளம்பும். மாறிய உடனே இரண்டு அரை-ஸ்டெப் மட்டும் பின்னோக்கு ஆய்லரில் ஓட்டிவிட்டுத் திரும்பினால் அது அடங்கும்.

சரிபார்க்க உங்களிடமே நல்ல சோதனை இருக்கிறது. கீழ் மூன்று ஸ்விட்சும் ஆன், வேகம் 6735. நிலைத்த கரண்டுக்கு நேரடி விடை உண்டு: டி அச்சில் −79.6 ஆம்பியர், க்யூ அச்சில் −5.6 ஆம்பியர். முதல் தசம இடம் வரை பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள்.

இனி 1.2 வினாடித் தள்ளாட்டம். பிடபிள்யூஎம் காலம் 100 மைக்ரோவினாடி, நீங்கள் பார்ப்பது 50-க்கு ஒரு தடவை. ஒரு காலத்துக்கு இரண்டே பார்வை என்றால் ட்யூட்டி (ஒரு காலத்தில் ஆனில் இருக்கும் பங்கு) 0, 0.5, 1 என்றுதான் தெரியும். 30 சதவீத ட்யூட்டி, பார்க்கும் கணத்தைப் பொறுத்து 0 ஆகவோ 50 ஆகவோ தோன்றும். போர்டின் கிரிஸ்டலும் பிசியின் கிரிஸ்டலும் ஒன்றல்ல என்பதால் அந்தக் கணம் மெல்ல நழுவுகிறது. 50 மைக்ரோவினாடி நழுவ 1.2 வினாடி என்றால் வித்தியாசம் சுமார் 42 பிபிஎம் (பத்து லட்சத்தில் 42 பங்கு). இரண்டு சாதாரண கிரிஸ்டலுக்கு இடையே இது இயல்பு. ஸ்டெப்பை 10 ஆக்கினால் தள்ளாட்டம் சிறிதாகி 0.24 வினாடிக்கு ஒருமுறை வரும், போகாது.

கேட் சிக்னலை ஸ்டெப்பில் ஒருமுறை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஸ்டெப் முழுக்க எவ்வளவு நேரம் ஆனில் இருந்தது என்று எண்ணுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் கவுன்ட்டர் 50 மைக்ரோவினாடியில் 5000 எண்ணும். 300 வோல்ட்டுக்கு ஒரு எண் 0.06 வோல்ட். கவுன்ட்டர் உள்ள ஐஓ கார்டு போதும். அந்த எண்ணைக் கொண்டு அந்த ஸ்டெப்பின் சராசரி மின்னழுத்தத்தை மோட்டாருக்குக் கொடுங்கள்.

தறிநேரம்:

மூணாவதுக்கு நான் சொல்றேன். சராசரி 18ன்னு சொன்னீங்க, ரியல்-டைமில் சராசரிக்கு மதிப்பே கிடையாது. அதிகபட்சம் எவ்வளவுன்னு பாருங்க. மாடலை நிறுத்திட்டு சைக்ளிக்டெஸ்டை (லினக்ஸில் தாமதம் அளக்கும் கருவி) ஒரு ராத்திரி முழுக்க, பக்கத்து கோர்களில் டிஸ்க், நெட்வொர்க் லோடு கொடுத்து ஓட்டுங்க. அதிலேயே 30, 40 மைக்ரோவினாடி தாமதம் தெரிஞ்சா குறை உங்க கோடில் இல்லை.

பயாஸில் பவர் சேமிப்பு எல்லாத்தையும் அணைங்க. ஆழ்ந்த சி-ஸ்டேட்டிலிருந்து (சிபியுவின் தூக்க நிலை) கோர் விழிக்கவே பத்துக்கணக்கான மைக்ரோவினாடி போயிடும். ஹைப்பர்த்ரெடிங், டர்போ ரெண்டும் வேண்டாம். மாடலுக்கு ஒரு கோரை ஒதுக்கி, இன்டரப்டுகளை வேற கோருக்குத் தள்ளுங்க. இத்தனைக்குப் பிறகும் எப்போதாவது ஒரு குத்து வந்தா மதர்போர்டின் எஸ்எம்ஐ-யை (ஃபர்ம்வேர் எழுப்பும் இன்டரப்ட்) சந்தேகப்படுங்க. அது இயங்குதளத்துக்கே தெரியாம சிபியுவை எடுத்துக்கும், ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட் கருவி காட்டிக்கொடுக்கும். அதுக்கு வேற போர்டு மாத்துறதுதான் பல சமயம் வழி. லினக்ஸை ரியல்-டைமாக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி, லினக்ஸ் 6.12 கெர்னலிலேயே சேர்ந்துடுச்சு, தனி பேட்ச் தேடி அலைய வேண்டாம். ஆனா எஸ்எம்ஐ-க்கு அதுவும் உதவாது.

உங்க கோடுக்குள்ளே ரெண்டு இடம் பாருங்க. லூப்புக்குள்ளே பிரிண்ட், மெமரி ஒதுக்கல், ஃபைல் எழுதுறது எதுவும் இருக்கக் கூடாது. லாக் எல்லாம் ரிங் பஃபர் வழியா வேற த்ரெட்டுக்குப் போகணும். ரெண்டாவது, மோட்டார் நின்னதும் ஃபில்டர் மதிப்புகள் பூஜ்யத்தை நோக்கித் தேய்ஞ்சு டீநார்மல் எண்களாகும் (வழக்கமான வடிவில் அடங்காத மிகச் சின்ன எண்கள்). பல எக்ஸ்86 சிபியுவில் அந்தக் கணக்கு ஒவ்வொண்ணும் நூறு சைக்கிளுக்கு மேல்கூடத் தின்னும். ஓவர்ரன் மோட்டார் நிற்கும்போது அதிகம் வந்தா இதுதான். டீநார்மலைப் பூஜ்யமாக்கும் சிபியு பிட்டை அந்த த்ரெட் தொடக்கத்திலேயே போட்டுடுங்க.

பின்னூட்டி:

நுண்நொடி சொன்ன சராசரி முறையை ஏற்கிறேன், ஆனால் அது எதை மறைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் தாமதம். ஸ்டெப் முழுக்க எண்ணுவதில் சராசரியாக 25, கணக்கிட 50, டேக்கில் (எண்ணை மின்னழுத்தமாக்கும் சிப்) பிடித்து வைப்பதில் 25 என மொத்தம் 100 மைக்ரோவினாடி. நிஜ மோட்டாரில் இது கிடையாது. கரண்ட் லூப்பின் பேண்ட்விட்த் 500 ஹெர்ட்ஸ் என்றால் 18 டிகிரி பேஸ் மார்ஜின் (லூப் அலையாமல் காக்கும் இடைவெளி) பறிபோகும். 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 36. சிமுலேட்டரில் அலைகிறதே என்று நல்ல கன்ட்ரோலரின் கெயினைக் குறைத்துவிடாதீர்கள்.

அடுத்து டெட் டைம். 300 × 2 மைக்ரோவினாடி × 10 கிலோஹெர்ட்ஸ் = 6 வோல்ட். கரண்டின் குறியைப் பொறுத்து இது கூடும் அல்லது கழியும். குறைந்த வேகத்தில் இந்த 6 வோல்ட் பெரிய பங்கு. மேல் ஸ்விட்ச் ஆன் நேரத்தை மட்டும் எண்ணினால் எதிர்க்குறிக் கரண்டுக்கு விடை தப்பு. மேல், கீழ், இரண்டும் ஆஃப் என மூன்று கவுன்ட் எடுங்கள். இரண்டும் ஆஃபான நேரத்தில் கரண்ட் மோட்டாருக்குள் போனால் கீழ் டயோடு, வெளியே வந்தால் மேல் டயோடு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் பூஜ்யத்தைக் கடக்கும் இடம் மட்டும் இதில் சரியாக வராது. ரிப்பிள் கரண்ட், ஒரு பேஸ் திறந்துபோகும் ஃபால்ட், மேலும் கீழும் சேர்ந்து ஆனாகும் ஷூட்-த்ரூ ஆகியவற்றைச் சோதிப்பதே நோக்கம் என்றால் எஃப்பிஜிஏவில் 1 மைக்ரோவினாடி அல்லது அதற்கும் கீழே போவதுதான் முறை. வெறும் லூப் ட்யூனிங்குக்கு அந்தச் செலவு வேண்டாம்.

டேக் வயரிங்கையும் ஒருமுறை பாருங்கள். ±10 வோல்ட் டேக்கை 0–3.3 வோல்ட் இன்புட்டுக்குக் கொண்டுவர 0.165 மடங்கும் 1.65 வோல்ட் ஆஃப்செட்டும் தேவை. ஆஃப்செட் சர்க்யூட் இல்லையென்றால் பிசி தொடங்கும்போது வரும் 0 வோல்ட்டை போர்டு முழு எதிர்க் கரண்டாகப் படித்து ட்ரிப் ஆகும். கிளாம்ப் டயோடும் கட்டாயம். 10 வோல்ட் நேராகப் போனால் கன்ட்ரோலரின் இன்புட் பின் கெட்டுவிடும்.

சுருள்கம்பி:

டிரபிசாய்டலில் −79.6, −5.6 கிடைத்தது. நன்றி. அடுத்து பேட்டரி மாடலும் சேர்க்க வேண்டும், ஒரு கோரில் நேரம் போதாது. மாடலை எங்கே வெட்டி இரண்டு கோருக்குப் பிரிப்பது? டிசி கெபாசிட்டர் 500 மைக்ரோஃபாரட்.

நுண்நொடி:

கெபாசிட்டரில் வெட்டுங்கள். கெபாசிட்டர் இன்வர்ட்டர் பக்கம் இருக்கட்டும். பேட்டரிப் பக்கத்துக்கு மின்னழுத்தம் போகும், கரண்ட் திரும்பி வரும், இரண்டும் ஒரு ஸ்டெப் பழையவை. கரண்ட் திடீரென்று 100 ஆம்பியர் மாறினால் ஒரு ஸ்டெப்பில் 100 × 50 ÷ 500 = 10 வோல்ட் நகரும். 300-க்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் என்றால் கெபாசிட்டருடன் சேர்ந்த காலமாறிலி 25 மைக்ரோவினாடி, உங்கள் ஸ்டெப்பில் பாதி. அங்கே ஒரு ஸ்டெப் தாமதம் வைத்தால் பஸ் அலைய ஆரம்பித்துவிடும். அந்த ரெசிஸ்டன்ஸையும் கேபிள் இண்டக்டன்ஸையும் கெபாசிட்டரோடு ஒரே கோரில் வைத்து சேர்த்துத் தீருங்கள். பேட்டரியின் திறந்த சுற்று மின்னழுத்தம், சார்ஜ் நிலை, வெப்பம் இவற்றை மட்டும் மற்ற கோருக்கு அனுப்புங்கள். அவை மெதுவானவை, 1 மில்லிவினாடி ஸ்டெப்பே தாராளம்.