இந்தியா, இலங்கை: இறக்குமதிக் கதவு யாருக்கு அகலம், எதை வச்சு அளக்கிறது?

குமுளி மாணவன்:
எம்.ஏ. புராஜெக்ட்டுக்கு ரெண்டு நாட்டோட வர்த்தகத் திறப்பை 1977-ல இருந்து ஒப்பிடணும். ஏற்றுமதி, இறக்குமதியைக் கூட்டி ஜிடிபியால வகுத்தா, 2000-ல இலங்கை 80 சதவீதத்துக்கு மேல, இந்தியா 30-க்குக் கீழ. 2012-ல இந்தியா 50-ஐத் தாண்டிடுது, இலங்கை சரிஞ்சு கிட்டத்தட்ட அதே மட்டத்துக்கு வந்துடுது. இந்தியா எட்டிப் பிடிச்சிடுச்சுன்னு எழுதலாமா? இங்க மலஞ்சரக்குக் கடையில கேட்டா, கொழும்பு மிளகு வந்து விலையைக் கெடுக்குதுங்கிறாங்க.

கணக்குப்புள்ள:
எழுதாதீங்க தம்பி. அந்த விகிதம் விளைவு, கொள்கை இல்ல. கச்சா எண்ணெய் விலை ஏறினாலே இந்தியாவோட விகிதம் ஏறும், டெல்லியில ஒரு தீர்வையும், அதாவது இறக்குமதி வரியும், குறைச்சிருக்க மாட்டாங்க. தீர்வையை எடுங்க. இலங்கை 1977-லயே இறக்குமதி லைசென்ஸ் முறையை விட்டு தீர்வைக்கு மாறிடுச்சு. இந்தியா 1991-ல உச்சத் தீர்வையை 150 சதவீதமாக் குறைச்சு, விவசாயம் தவிர மத்ததுக்கு 2007-ல 10-க்குக் கொண்டுவந்துச்சு. ஆனா நுகர்பொருள் மேல இருந்த அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1-லதான் முழுசா போச்சு. தீர்வைக் கோடு மட்டும் வரைஞ்சா, அந்தப் பத்து வருஷத்துல இல்லாத தாராளம் தெரியும்.

போடிமெட்டு:
தீர்வைப் பட்டியலும் ஏமாத்தும். இலங்கையில சுங்கத் தீர்வைக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரி, துறைமுக விமானநிலைய வரின்னு தனித்தனியா ஏறும். 2000-க்கு அப்புறம் அங்க கதவு சாத்தினதே பெரும்பாலும் இந்த வழியிலதான். நம்ம ஊரும் லேசுப்பட்டது இல்ல. 2021 பட்ஜெட்டில ஆப்பிளுக்கு அடிப்படைத் தீர்வை 50-ல இருந்து 15 ஆச்சு, கூடவே வேளாண் செஸ் 35 வந்துச்சு. அடிப்படைத் தீர்வையை மட்டும் எடுத்தா 35 புள்ளி குறைஞ்ச மாதிரி இருக்கும், இறக்குமதி பண்றவர் கட்டுறது அதே 50.

வண்டிப்பெரியார்:
மிளகையே எடுத்துக்கோங்க. இந்தியாவில பொதுத் தீர்வை 70 சதவீதம். வியட்நாம் மாதிரி தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஆசியான் ஒப்பந்தத்துல 50. இலங்கையில விளைஞ்சதுன்னா இருதரப்பு ஒப்பந்தப்படி வருஷம் 2,500 டன் வரைக்கும் தீர்வையே இல்ல, அதுக்கு மேல சாஃப்டாங்கிற தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்துல 8. அதாவது, வியட்நாம் மிளகுக்கு இலங்கைச் சான்றிதழ் கிடைச்சா எவ்வளவு மிச்சம்னு பாருங்க. 2017 டிசம்பர்ல கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வச்சாங்க. சர்வதேச விலை அதுக்குக் கீழ இருக்கும்போது பில்லை 500-க்கு உயர்த்திப் போடத் தோணும். 8 சதவீதம்னா அதுக்குத் தீர்வை 40 ரூபாய்தான், 70-ன்னா 350. சலுகைத் தீர்வை வழியில அந்த வேலி ஏன் ஓட்டைன்னு இப்பப் புரியும்.

குமுளி மாணவன்:
அப்ப இறக்குமதி மதிப்பை வச்சு எடையிட்ட சராசரித் தீர்வை எடுத்தா சரியாகுமா அண்ணே?

கணக்குப்புள்ள:
ஆகாது. 70 கட்டி யாரும் கொண்டுவரலேன்னா அந்தச் சரக்குக்கு எடையே பூஜ்யம். அடைச்ச கதவு கணக்குல இருந்தே மறைஞ்சிடும். எளிய சராசரி, செஸ் சேர்த்த சராசரி ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போடுங்க. இறக்குமதித் தடைக்கு அட்டவணையில தனி நெடுவரிசை வேணும். 2020 மார்ச்சுல இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தினது எந்தத் தீர்வை விகிதத்திலயும் தெரியாது. தடை இருந்த வருஷங்களுக்கு 1, மத்ததுக்கு 0-ன்னு போட்டுடுங்க.